மாயைக்கு அச்சகம் எது?

சங்கரரின் மாயையும் மெய்நிகர் உலகமும் ஒன்றே என்று நிறுவும் கட்டுரைக்கு இந்த ஆண்டு பரிசு கொடுத்திருக்கிறார்கள். கொடுக்கட்டும். கண்ணில் கருவியை மாட்டினால் கயிறு பாம்பாகிவிடுமாம், கழற்றினால் ஞானமாம். சினிமாத் திரையை உவமை காட்டி ரமணர் எப்போதோ சொல்லி முடித்த விஷயம்.

அந்த ரமணாசிரமத்தில் இளம் வயதில் சில காலம் இருந்தவர் சி. கொண்டையராஜு (1898–1976). உலகம் வெறும் தோற்றம் என்று கேட்ட காதோடு கிளம்பி, நாடகக் கம்பெனியில் சேர்ந்து சீன் திரை எழுதினார். பிறகு கோவில்பட்டியில் தங்கிச் சீடர்களோடு காலண்டர் சாமிகளை எழுதினார். சிவகாசி அச்சடித்துத் தள்ளியது. தமிழில் மெய்நிகர் பற்றி எழுத வருகிறவர் காலடி மடத்துக்குப் போகுமுன் கோவில்பட்டிக்குப் பஸ் ஏறியிருக்க வேண்டும்.

மேலே கஜலட்சுமி, கீழே மளிகைக்கடை விலாசம். டிசம்பரோடு தேதித்தாள் தீர்ந்துவிடும், லட்சுமி தீரமாட்டாள். சட்டம் போட்டு மாட்டினால் குங்குமமும் சாம்பிராணியும் கிடைக்கும். செல்லரித்த பிறகும் குப்பையில் போட மனம் வராமல் அரசமரத்தடிப் பிள்ளையாரிடம் சாத்திவிட்டு வருவார்கள். படம் மெய்யா பொய்யா என்று அங்கே யாரும் கேட்பதில்லை. எங்கே கொண்டுபோய் விடுவது என்பதுதான் அவர்கள் கவலை. மூலமில்லாத நகல் என்று போத்ரியார் கலங்கினார். நாமோ காலண்டரில் பார்த்த முகத்தைக் கருவறையில் போய்த் தேடினோம். எண்பதுகளில் அமைப்பியல் பேசி விடியவிடிய டீ குடித்தவர்களில் ஒருவர்கூட ஒரு பட்டாசு லேபிளைக் கொண்டுவரவில்லை என்பது இன்றும் ஆற்றாமை. அட்டையில் நடிகை, உள்ளே சங்குசக்கரம். குறிப்பானுக்கும் குறிப்பீட்டுக்கும் ஒட்டுறவில்லை என்பதற்கு சசூரே அசந்துபோகும் பாடம்.

கட்டுரையின் கடைசிப் பகுதிதான் நம்மைச் சீண்டியது. புகையில்லாத மெய்நிகர் தீபாவளி வந்து சிவகாசியை 'விடுவிக்கும்' என்கிறது. 1962இல் மார்ட்டன் ஹைலிக் காப்புரிமை பெற்ற சென்சோரமா என்ற காட்சிக்கருவி வாசனைகூடத் தந்தது. இனி வருவது கந்தக நெடியும் தரும். பார்க்கிறவருக்கு மட்டும் ஒன்றும் ஆகாது, அதுதான் அந்தக் கருவியின் ஒப்பந்தம். 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசிக்குப் பக்கத்து முதலிப்பட்டியில் அந்த ஒப்பந்தம் இல்லை. பட்டாசு ஆலை வெடித்தபோது, வேடிக்கை பார்க்கவும் காப்பாற்றவும் ஓடிய ஊர்க்காரர்களும் செத்தார்கள்.

காண்பான், காட்சி, காணப்படுபொருள் என்று மூன்றாகப் பிரித்தே பழகிவிட்டோம். காட்சியைச் செய்கிறவள் ஒருத்தி உண்டு. மருந்து அடைக்கிறாள், திரி செருகுகிறாள், வெள்ளிப்பொடி நகக்கண்ணில் ஏறிய கையோடு சாப்பிடுகிறாள், சனிக்கிழமை கூலி வாங்குகிறாள். கண்ணில் மாட்டும் கருவிக்கும் பின்னால் ஏதோ ஒரு தொழிற்சாலையில் அப்படி ஒருத்தி இருக்கிறாள். 'விடுதலை' வந்த மறுநாள் அவளுக்கு வேலை எங்கே என்று நடுவர்களும் கேட்கவில்லை. பட்டாசை நாம் போற்றவில்லை. மெய்நிகர் வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அவளையும் கணக்கில் சேர்த்து எழுதப்படும் கட்டுரைக்கு இந்த இதழில் எத்தனை பக்கமும் ஒதுக்குவோம். பரிசு கொடுக்க வசதியில்லை. இரண்டு பிரதிகள் தபாலில் வரும்.