விடுமுறையில் இரண்டு நாள்

ஆஸ்திரேலியாவில் வெளிநாட்டு மாணவர்கள் வகுப்பு நடக்கும் காலத்தில் இரண்டு வாரத்துக்கு 48 மணி நேரம்தான் வேலை பார்க்கலாம். விடுமுறையில் அந்தக் கட்டுப்பாடு இல்லை. அதனால் செமஸ்டர் முடிந்ததுமே கிடைத்த ஷிஃப்டையெல்லாம் வாங்கிக்கொள்கிறார்கள். கல்விக்கடன் கழுத்தை நெரிக்கும்போது அவர்களைக் குறை சொல்ல மனம் வரவில்லை. ஆனாலும் மெல்போர்னில் படிக்கும் பிள்ளைகளே, இரண்டு நாளாவது உங்களுக்கென்று எடுத்துவையுங்கள். நாலு பேர் பெட்ரோல் காசைப் பங்கிட்டு கிரேட் ஓஷன் ரோட்டில் போங்கள். முதல் உலகப் போரிலிருந்து திரும்பிய சிப்பாய்கள் 1919 முதல் 1932 வரை பாறையை வெட்டிப் போட்ட சாலை அது. வழியில் வரும் லோர்ன் கடற்கரையில் காகிதப் பொட்டலத்தைப் பிரித்து, கடற்காகங்களை விரட்டிக்கொண்டே சுடச்சுட மீனும் சிப்ஸும் சாப்பிடுங்கள். வகுப்பில் வாய் திறக்காத வியட்நாம் தோழி அங்கேதான் தன் வீட்டுக் கதையைச் சொல்லுவாள். ஊரிலிருந்து அம்மா கூப்பிட்டால் தயங்காமல் வீடியோவில் எல்லோரையும் காட்டுங்கள். அவருக்கும் அது நிம்மதி.