ரதி வேடம் யாருக்குரியது?

மாசி மாதத்தில் அட்டன், நுவரெலியாத் தோட்டங்களில் தப்பொலி எழும். காமன் கம்பம் நாட்டப்பெறும். ரதியும் மன்மதனும் இணைந்தாடுவர். ஈற்றிலே சிவனது நெற்றிக்கண்ணாற் காமன் எரிவான், ரதி புலம்புவாள். மலையகத்தின் இணையாடல் எனச் சுட்டத்தக்கது இக்காமன் கூத்தே. எனினும் அவ்விணையிற் பெண் இல்லை. மரபுப்படி ரதியாக ஆடுபவரும் ஓர் ஆடவரே.

விரதமிருந்து ஆடும் கூத்து இது. பெண்ணுக்குத் தீட்டு உண்டு. முன்னோர் வகுத்த மரபை மாற்றலாகாது என்பர் சிலர். மழையிலும் குளிரிலும் கொழுந்துக் கூடை சுமக்கையில் அவளைத் தடுக்காத தீட்டு, சலங்கை கட்டும்போது மட்டும் எங்கிருந்து வருகின்றது?

மரபு மாறாப் பொருளன்று. மேனாட்டுப் பாலே நடனத்திலும் ஒரு காலத்திற் பாரிஸ் அரங்கிலே பெண்வேடங்களை ஆடவரே புனைந்தாடினர். 1681ஆம் ஆண்டிலேயே தொழில்முறை ஆடல்மகளிர் அவ்வரங்கேறினர். அதனாற் பாலே அழிந்ததா? இன்று அக்கலையின் மணிமுடியாகப் போற்றப்படும் ஆண், பெண் இணையாடல், அம்மாற்றம் நிகழாதிருப்பின் தோன்றியே இராது.

ரதி வேடம் பூண்டு தலைமுறை தலைமுறையாக இக்கூத்தைக் காத்த ஆடவரின் பணி பெரிது. அதனை மறுப்பார் இலர். அவர்களே ஆசான்களாகித் தம் புதல்வியர்க்கு அவ்வாட்டத்தைப் பழக்குதல் வேண்டும். பகலெல்லாம் மலைச்சரிவிற் கொழுந்து பறிப்பவள், இரவிலே தன் இனத்தாளின் துயரை ஆண்குரலிற் கேட்கும் பார்வையாளராக மட்டும் இருப்பது எத்துணைக் காலத்துக்கு? அடுத்த மாசியிற் கம்பம் நாட்டுவோர் இதற்கு விடை கூறட்டும்.