கடைசி நாளின் கலைமான்

வேட்டை என்ற சொல்லைக் கேட்டவுடன் நம்மில் பலருக்கு நினைவு வருபவர்கள், அம்பாரியில் அமர்ந்தபடி, ஆட்கள் தாரை தப்பட்டையுடன் விரட்டிவந்த மிருகத்தைச் சுட்டு வீழ்த்திய ராஜாக்களும் துரைமார்களுமே. அமெரிக்காவின் மேற்குப் பகுதியில், ராக்கி மலைச் சாரல்களில் நடைபெறும் மான் வேட்டை வேறு வகையானது. தச்சரும் கடைக்காரரும் பண்ணையாளும் தமக்குக் கிடைத்த ஒற்றை அனுமதிச் சீட்டுடன் மலையேறுகிறார்கள். பலர் வெறுங்கையுடன் இறங்குகிறார்கள்.

அவர்கள் தேடிச் செல்வது ‘ம்யூல் டீர்’ என்னும் மான். கோவேறு கழுதையினுடையவை போன்ற பெரிய காதுகள் இருப்பதால் இப்பெயர் வந்தது. 1804 முதல் 1806 வரை அப்பிரதேசத்தில் யாத்திரை செய்த லூயிஸ், கிளார்க் குழுவினரின் குறிப்புகளிலேயே இப்பெயர் காணப்படுகிறது. கலைமானின் கொம்பு இரண்டிரண்டு கவர்களாகப் பிரிந்து வளரும். ஆண்டுதோறும் உதிர்ந்து மறுபடி முளைக்கும். அச்சம் தோன்றினால் நான்கு கால்களையும் ஒருசேர ஊன்றி, பந்து எழும்புவதுபோல் துள்ளிச் சென்றுவிடும்.

கோடையில் இக்கலைகள் மலையுச்சிப் புல்வெளிகளில் கூட்டமாக மேயும். செப்டம்பரில் கொம்பின் மென்தோல் உரிந்ததும் ஒவ்வொன்றும் தனித்துப் போய் அடர்ந்த மரங்களிடையே ஒளிந்துகொள்ளும். வயது முதிர்ந்த கலையைப் பகலில் காண்பதே அரிது. நவம்பரில் இரண்டு காரணங்கள் அதனை வெளியே கொணர்கின்றன. மலைமேல் பனி குவிந்து மேய்ச்சலை மூடிவிடுவது ஒன்று. இணைகூடும் பருவம் பிறப்பது மற்றொன்று. பனிக்காலத்தைக் கழிக்க மான்கள் நெடுந்தொலைவு இடம்பெயர்வதும் உண்டு. வயோமிங் மாநிலத்தில் சில மான்கள் ஒருவழிப் பயணமாக ஏறக்குறைய 240 கிலோமீட்டர் செல்வதை 2014-இல் வெளியான ஆய்வு ஒன்று உலகுக்குத் தெரிவித்தது.

ஆகவே, பருவத்தின் இறுதியில் வருகிற வேடன் முதலில் கலையைத் தேடுவதில்லை, பிணைமான்களைத் தேடுகிறான். அவை மேயும் புதர்ச் சரிவைக் கண்டுகொண்டால், இன்றில்லாவிடினும் நாளை கலை அங்கே வரும். விடியுமுன் எதிர்ச்சரிவில் அமர்ந்து தூரதிருஷ்டிக் கண்ணாடியால் அங்குலம் அங்குலமாகப் பார்க்கிறான். முழு மானும் கண்ணில் படுவதில்லை. புதருக்குமேல் அசையும் காதுநுனி, கிளைபோல் தோன்றும் கொம்பு, பனியில் பழுப்பாய்த் தெரியும் முதுகு, இவ்வளவுதான் அடையாளம். காற்றின் போக்கையும் அவன் அறிந்திருத்தல் வேண்டும். வெயில் ஏறினால் காற்று சரிவின்வழி மேலேறும். மாலைக் குளிரில் கீழிறங்கும். இதை மறந்து ஓரடி வைத்தாலும் மனித வாடையை மான் அறிந்துவிடும். பிறகு பனியில் எஞ்சுவது சுவடு மட்டுமே. ஓடுகிற மான் மேட்டின் விளிம்பில் ஒரு கணம் நின்று திரும்பிப் பார்க்கும் வழக்கம் உண்டு. முதிர்ந்த கலை அந்த வழக்கத்தையும் பல வேளைகளில் விட்டுவிடுகிறது!

இப்படி நாட்கள் கழிந்து, கடைசி நாள் மாலையும் வந்துவிட்டதென்று வைத்துக்கொள்வோம். சூரியன் மறைந்து அரைமணி நேரம் வரையில்தான் சுடலாம் என்பது கொலராடோ மாநிலத்தின் விதி. அந்த நேரம் கடந்த சில நிமிஷங்களில் கலை புதரைவிட்டு வெளியே வருகிறது. பனியின் வெண்மையில் உருவம் நன்றாகத் தெரிகிறது. சுற்றிலும் சாட்சி சொல்ல ஒருவரும் இல்லை. ஓராண்டு காத்திருந்து பெற்ற சீட்டு சட்டைப்பையில் இருக்கிறது. நல்ல வேடன் துப்பாக்கியைத் தாழ்த்துகிறான். தேடலில் அவன் காட்டிய சாமர்த்தியம் அனைத்தையும்விட இதுவே பெரிது என்பது நமது அபிப்பிராயம்.

இக்கட்டுப்பாடு எளிதில் வந்ததன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இறைச்சிக்கும் தோலுக்குமாகச் சந்தைக்காரர்கள் வரம்பின்றிச் சுட்டதில் அந்நாட்டு மான்கள் அருகிப்போயின. 1900-இல் இயற்றப்பட்ட லேசி சட்டம், மாநில விதிகளை மீறிக் கொன்ற பிராணிகளை வேறு மாநிலத்துக்கு அனுப்பி வியாபாரம் செய்வதைத் தடுத்தது. 1937-ஆம் ஆண்டுச் சட்டம், துப்பாக்கி, தோட்டா விற்பனையில் கிடைக்கும் வரியை வனவிலங்குகளின் நலனுக்கே ஒதுக்கியது. காட்டுமான் நிலச்சொந்தக்காரனின் உடைமையாகாது. ஜனங்கள் அனைவர்க்கும் உரிய அதனை மாநில சர்க்கார் தர்மகர்த்தாவாக நின்று காக்கிறது. 2022-23 குளிர்காலக் கடும்பனியில் மேற்கு வயோமிங்கில் ஏராளமான மான்கள் மடிந்தபோது, அடுத்த பருவத்துக்கான அனுமதிகள் குறைக்கப்பட்டன. வேடர்களிலேயே பலர் அதை ஆதரித்தனர்.

“கொல்வதற்கும் ஒரு தர்மமா?” என்று நம் இல்லத்துப் பெரியோர் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதே. நம் தேசம் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்மூலம் வேறு வழியை மேற்கொண்டது. இங்கே மானைச் சுடுவது குற்றம். அவ்வழியை நாம் விட வேண்டியதில்லை. எனினும், சட்டம் ஏட்டில் இருந்தால் மட்டும் மான் பிழைத்துவிடாது. காவலர் எட்டாத காட்டிலும் கையைத் தடுக்கிற மனம் குடிமக்களிடம் இருத்தல் வேண்டும். அந்தி மங்கலில் தன் கலையைப் போகவிட்டு இறங்கிவரும் வேடனிடம் அம்மனம் இருக்கிறது. நம் ஏரியில் மணல் அள்ளுவோரிடமும், ஆற்றில் கழிவுநீரை விடுவோரிடமும் அது உண்டா என்பதை நேயர்கள் சிந்திப்பார்களாக.