மிஷினுக்கு முன்னால மச்சானைப் பாருங்க

போன வாரம் மட்டும் மூணு பேரு போன் போட்டுட்டாங்க. மூணு பேரும் கேட்டது ஒண்ணுதான். "அண்ணாச்சி, மரம் அறுக்கிற மிஷின் ஒண்ணு வாங்கணும். எந்த கம்பெனி நல்லா இருக்கும்?" ஆளாளுக்குத் தனித்தனியா சொல்றதுக்கு இங்கேயே எழுதிடலாம்னு உட்கார்ந்துட்டேன்.

என் பதிலை முதல்லயே சொல்லிடுறேன். கம்பெனியைக் கடைசியில பாருங்க. ரிப்பேர் பார்க்கிற ஆளை முதல்ல பாருங்க.

இதை நான் நஷ்டப்பட்டுத்தான் கத்துக்கிட்டேன். வேம்பார் பக்கம் நம்ம காடெல்லாம் மானாவாரின்னு தெரியும். ரெண்டு வருஷம் உழாம விட்டா சீமைக் கருவை ஏறிடும். அதுக்காகத்தான் முதல் மிஷினை வாங்கினேன். விலை குறைச்சல், படத்துல பளபளன்னு இருந்துச்சு, வீட்டுக்கே வந்து இறங்கிச்சு. நாலு வருஷம் குறை சொல்லாம ஓடவும் செஞ்சுது. 2023 தீபாவளிக்கு முந்தி ஒருநாள் கயிறை இழுக்கிறேன், இழுக்கிறேன், கை வலிச்சதுதான் மிச்சம். டவுன்ல ஒரு கடையில கொண்டுபோய்க் கொடுத்தேன். "காயில் போயிருக்கு, வரவழைச்சுத் தாரேன், ஒரு வாரம்"னாரு. ஒரு வாரம் ரெண்டாச்சு, ரெண்டு நாலாச்சு. போன் போட்டா "வந்துக்கிட்டே இருக்கு"ன்னு பதில். கடை பேரும் வேண்டாம், மிஷின் பேரும் வேண்டாம். அவரு மேல எனக்குக் கோபம் இல்ல. அவரு விற்காத மிஷினுக்கு அவரு எங்க போயி சாமான் தேடுவாரு?

அதுக்குள்ள டிசம்பர் 17, 18 மழை வந்துடுச்சு. காயல்பட்டினத்துல ஒரே நாள்ல சுமார் 95 சென்டிமீட்டர் கொட்டின அதே மழைதான். நம்ம பக்கம் அந்த அளவு இல்லன்னாலும் ஓடை நிறைஞ்சு வந்துச்சு. கரையில நின்ன கருவை மரங்க வேரோட சாஞ்சு, என் மிளகாய்க் காட்டுத் தண்ணி வடியிற வாய்க்கால் வாயில போய் அடைச்சுக்கிச்சு. மிஷின் கையில இருந்திருந்தா அரை நாள் வேலை. அது டவுன்ல கடை மூலையில கிடந்துச்சு. நானும் தம்பியும் அரிவாளும் கோடாலியும் வச்சு, முள்ளுக்குள்ள இடுப்பளவு தண்ணியில நின்னு மூணு நாள் வெட்டினோம். தண்ணி வடிஞ்சப்போ மிளகாய்ச் செடி பூவோட அப்படியே தலை சாஞ்சிருந்துச்சு. மிளகாய் வேரு மூணு நாள் தண்ணி தாங்காதே. ஒன்றரை ஏக்கர் போச்சு. மழை செஞ்ச நஷ்டம் பாதி, மிஷின் இல்லாத நஷ்டம் பாதின்னுதான் இன்னைக்கும் என் கணக்கு.

நம்ம கடற்கரையில முத்துக்குளிச்ச காலத்துக் கதை ஒண்ணு பெரியவங்க சொல்லுவாங்க. 1961க்கு அப்புறம் தூத்துக்குடியில முத்துக்குளிப்பு நடக்கல, ஆனா கதை இருக்கு. குளிக்கிறவன் மூச்சடக்கிக் கீழ போகும்போது, மேல தோணியில கயிறு பிடிக்கிறவன் மச்சானாத்தான் இருப்பானாம். கூடப்பிறந்தவ தாலி அவன் கையில இருக்குல்ல, கண்ணசர மாட்டான்னு நம்பிக்கை. மிஷினுக்கு டீலர் அந்த மச்சான் மாதிரி. கல்லு எவ்வளவு நல்ல கல்லா இருந்தாலும், மேல கயிறு இழுக்க ஆள் வேணும்.

சரி, கம்பெனி விஷயத்துக்கு வருவோம். பெரிய பேருன்னா ரெண்டு. ஸ்டீல்னு ஒண்ணு. இரும்பு இல்ல, கம்பெனி ஆரம்பிச்சவரு பேரு. 1926ல ஜெர்மனியில ஆரம்பிச்சது. இன்னொண்ணு ஹஸ்க்வர்னா, சுவீடன் நாட்டுக்காரங்க. 1689ல துப்பாக்கிப் பட்டறையா ஆரம்பிச்சு, 1959லதான் செயின் சா பண்ண வந்தாங்க. ரெண்டுமே நல்ல மிஷின்தான், இதுல எனக்குச் சண்டை இல்ல. ஸ்டீல்காரங்க அமெரிக்காவுல பெரிய பெரிய கடைகள்ல எங்க மிஷின் கிடைக்காது, ரிப்பேர் பார்க்கிற டீலர்கிட்டதான் கிடைக்கும்னு விளம்பரமே செஞ்சவங்க. அந்த ஊர்லயே அப்படின்னா, நூறு ரூபா சாமானுக்கு ஒரு நாள் கூலியை விட்டுட்டு பஸ் ஏறிப் போற நமக்கு எப்படி?

மூட்டம் போடுற நம்ம ஆளுங்க சிலர் இதை ஒத்துக்க மாட்டாங்க. "58 சிசி சீனா மிஷின் ரெண்டு வாங்கிப் போடும், ஒண்ணு போனா இன்னொண்ணு, சாமானும் எல்லாத்துக்கும் ஒண்ணுதான்வே"ம்பாங்க. அவங்களுக்கு அது சரி. தினமும் அறுக்கிறாங்க, கார்புரேட்டரை அவங்களே கழட்டி மாட்டுவாங்க. வருஷத்துல இருபது நாள் மட்டும் மிஷினைத் தொடுற என்னை மாதிரி ஆளுக்கு அது சரிப்படாது.

அதனால கடைக்குப் போனா விலை கேட்கிறதுக்கு முன்னால இதைக் கேளுங்க.

பிளக், ஏர் பில்ட்டர், ஸ்டார்ட்டர் கயிறு, காயில், கார்புரேட்டர் கிட் இப்போ கடையில இருக்கா? "வரவழைச்சுத் தாரேன்"னா அது இல்லைன்னு அர்த்தம். இருந்தா எடுத்துக் காட்டச் சொல்லுங்க.

மெக்கானிக் கடையிலயே இருக்காரா, வாரத்துக்கு ஒரு நாள் வெளியூர்ல இருந்து வாராரா? அவரு பேரைக் கேட்டு அவர்கிட்டயே ரெண்டு வார்த்தை பேசிட்டு வாங்க.

அதே மிஷினை ரெண்டு மூணு வருஷமா வச்சிருக்கிற நம்ம பக்கத்து ஆள் யாருன்னு கேளுங்க. கேட்டு, அவரு தோட்டத்துக்கே போய்ப் பாருங்க.

பில்லுல வாரண்டி எழுதிக் கொடுப்பாரா? செயின் பிரேக் வேலை செய்யுதான்னு உங்க முன்னால ஓட்டிக் காட்டுவாரா?

அளவும் பார்த்து வாங்குங்க. கருவைக்கும் வேம்புக் கிளைக்கும் 16 இன்ச் பிளேடு தாராளம். பெரிய பிளேடு வாங்கி வச்சுக்கிட்டு ஆசையில பனையில வச்சிடாதீங்க. பனையை வெட்டணும்னா கலெக்டர் அனுமதி வேணும்னு 2021லயே சொல்லியாச்சு. சீமைக் கருவையை மிஷின் வச்சு அறுத்தா மட்டும் ஒழியாது, அடியில இருந்து மறுபடி தழைச்சுடும். வேரைத் தோண்டி எடுக்கத் தெம்பும் காசும் மிச்சம் வச்சுக்கோங்க.

டீலரை மட்டும் குறை சொன்னா நியாயம் இல்ல. என் தப்பும் இருக்கு. வேலை முடிஞ்சா டேங்குல பெட்ரோலை அப்படியே விட்டு மூலையில போடுவேன். இப்ப பங்குல வர்ற பெட்ரோல்ல எத்தனால் கலந்திருக்கு, அது ஈரத்தை இழுக்கும். நம்ம கடல் காத்துக்குக் கேட்கவே வேண்டாம். கார்புரேட்டர்ல உள்ள ரப்பர் சவ்வு விறைச்சுப் போயிடும். இப்ப வேலை முடிஞ்சதும் டேங்கைக் காலி பண்ணி, மிச்சத்தை ஓடவிட்டு அணைக்கிறேன். ஆயில் கலக்குறதுல கண்ணளவு வேண்டாம். 50க்கு 1னு போட்டிருந்தா ஒரு லிட்டருக்கு 20 மில்லி, 25க்கு 1னா 40 மில்லி. மருந்து அடிக்கிற அளவு மூடி வீட்டுல இருக்கும்ல, அதைக் கழுவிட்டு வச்சுக்கோங்க. செயின் ஒரு தடவை மண்ணுல பட்டாலே பல்லு மழுங்கும். மழுங்கின செயினோட அமுக்கி அறுத்தா மிஷின் சூடாகி பிஸ்டன் பிடிச்சுக்கும். எந்த அளவு அரம்னு கடையிலயே கேட்டு, ரெண்டா வாங்கிட்டு வாங்க.

நான் அப்புறம் வாங்கினது எந்த கம்பெனின்னு கேட்பீங்க. வேணும்னேதான் சொல்லல. நான் சொன்னா கோவில்பட்டிக்காரரும் அதையே வாங்குவாரு, அவரு ஊர்ல அதுக்கு ஆள் இருக்காது. ஒரு விவரம் மட்டும் சொல்றேன். மிஷின் ஆன்லைன் விலையை விட ரெண்டாயிரம் கூட. போன ஆவணியில ஸ்டார்ட்டர் கயிறு அறுந்து காலையில கொண்டு போனேன். மெக்கானிக் தம்பி மாட்டிக் கொடுத்துட்டு, "அண்ணாச்சி, டீ குடிச்சுட்டுப் போங்க"ன்னான். மத்தியானத்துக்குள்ள காட்டுல நின்னேன்.

இந்த வருஷமும் மழை வரும். வர்றதுக்கு முந்தி வாய்க்கால் வாயை ஒரு தடவை போய்ப் பார்த்துடுங்க. மிஷினையும் ஒரு இழுப்பு இழுத்துப் பார்த்துடுங்க.