சட்டைப் பை இல்லாதவர்களின் மை

இங்க் பேனா யாருடைய உடம்பை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டது என்று தெரிய வேண்டுமானால் அதன் மூடியில் இருக்கும் கிளிப்பைப் பாருங்கள். அது சட்டைப் பையில் மாட்டுவதற்கானது. ஆணின் சட்டையில் இடப்பக்கம் ஒரு பை கேட்காமலே வந்துவிடுகிறது. பள்ளிச் சீருடையில் தொடங்கி ஓய்வுபெறும் நாள்வரை அவன் நெஞ்சில் ஒரு பேனாவுக்கு இடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. நமக்கு ஜாக்கெட்டுக்குள் திணிக்கும் பர்ஸ், இடுப்பில் செருகும் சுருக்குப் பை, தோளில் தொங்கும் பை. சுடிதாருக்கு ஒரு பை வைத்துத் தைத்துக் கொடுங்கள் என்று டெய்லரிடம் கேட்டுப் பாருங்கள். "ஷேப் போயிடும்மா" என்பார். நம் ஷேப்பைக் காப்பாற்றும் பொறுப்பை ஊரே ஏற்றுக்கொண்டிருக்கிறது.

பேனா கம்பெனிகளுக்கும் இது தெரிந்தே இருந்தது. சென்ற நூற்றாண்டின் முதல் பாதியில் அமெரிக்காவில் 'பெண்களுக்கான பேனா' என்று சிறிய பேனாக்களைச் செய்து விற்றார்கள். கிளிப் இருக்காது, மூடியின் உச்சியில் ஒரு வளையம் இருக்கும். அதில் நாடாவையோ சங்கிலியையோ கோத்துக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொள்ள வேண்டும். பை வைத்துத் தைப்பதைவிடப் பேனாவை நகையாக்குவது அவர்களுக்குச் சுலபமாகப் பட்டது. 2012இல் பிக் கம்பெனி இளஞ்சிவப்பிலும் ஊதாவிலும் 'பிக் ஃபார் ஹெர்' என்று பெண்களுக்கெனத் தனிப் பேனா விற்கப் போய் உலகம் முழுக்கச் சிரிப்பாய்ச் சிரித்தது. நூறு வருடத்தில் மாறியது நிறம் மட்டும்தான்.

பையில் செருகிய பேனா வெறும் அலங்காரம் கிடையாது என்று இந்த நாட்டுக்குக் கற்றுக்கொடுத்தவை அம்பேத்கர் சிலைகள். கோட்டுப் பையில் பேனா, கையில் புத்தகம். எழுத்து மறுக்கப்பட்டவர்களின் நெஞ்சில் பேனா ஏறியதை ஆதிக்க சாதிகள் எவ்வளவு எரிச்சலோடு பார்த்தன என்பதற்கு, அந்தச் சிலைகளைச் சுற்றி நிற்கும் கம்பிக் கூண்டுகளே சாட்சி. பெண்ணுக்கு அப்படி ஒரு சிலையைத் தேடிப் பாருங்கள். கண்ணகி கையில் சிலம்பு. சரஸ்வதி கையில் வீணையும் சுவடியும். நாம் வழக்கமாகப் பார்க்கும் படங்களில் எழுத்தாணியைக் காணோம். வாசிக்கலாம், வாசித்ததைப் பாடலாம். எழுதுவதற்கு மட்டும் நான்கு கையும் போதவில்லை.

இந்த மலைக்குப் பேனாவோடு வருகிறவர்களுக்கு இன்னொரு சங்கதியும் தெரிந்திருக்கும். வத்தலக்குண்டில் பஸ் ஏறிக் கொடைக்கானல் வந்து இறங்குவதற்குள் நாம் 1,700 மீட்டருக்கு மேல் உயர்ந்துவிடுகிறோம். காற்றழுத்தம் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது. பேனாவுக்குள் பாதி மையும் பாதி காற்றுமாக இருந்தால், அடைபட்ட காற்று விரிந்து வெளியே வர வழி தேடும். நிப்பு மேலே பார்த்து நின்றால் காற்று மட்டும் போய்விடும். பேனா படுத்துக் கிடந்தால் காற்று மையைத் தள்ளிக்கொண்டு வரும். ஆக, சட்டைப் பையில் நிமிர்ந்து நிற்கும் பேனா சுத்தமாக மலையேறும்; டிபன் பாக்ஸுக்கும் துப்பட்டாவுக்கும் நடுவில் தோள்பைக்குள் படுத்து வரும் பேனா கக்கும். பிறகு, "பொம்பளைங்களுக்கு இதெல்லாம் சரிப்படாது, பால்பாயிண்டே போதும்" என்று பக்கத்து சீட்டில் இருந்து ஒரு தீர்ப்பு வரும். இயற்பியலும் தையற்கடையும் சேர்ந்து செய்த வேலைக்குப் பழி நம் இயல்பின் மேல்.

கறை என்றால் நமக்கு இருக்கிற பயமும் லேசுப்பட்டதல்ல. பள்ளியின் கடைசி நாளில் பையன்கள் ஒருவர் சட்டையில் ஒருவர் மையை உதறிக் கொண்டாடுவார்கள். அந்தச் சட்டையைப் பத்திரப்படுத்தி வைத்திருக்கும் ஆண்கள் உண்டு. அதே வயதில் நாம், எழும்போதெல்லாம் பின்பக்கத்தைத் தோழியிடம் காட்டி "ஏதாவது இருக்காடி?" என்று கேட்டுக்கொண்டிருந்தோம். உடுப்பில் துளி கறை இல்லாமல் ஒரு நாளைக் கடப்பதையே தேர்வாக எழுதிக்கொண்டிருந்தவர்களுக்கு, ஒழுகுகிற ஒரு பொருள் எப்படி விளையாட்டாகும்?

தமிழில் கண்ணுக்கு இடுவதும் மை, காகிதத்தில் இடுவதும் மை. தமிழாசிரியை என்பதால் இதோடு விட மனமில்லை. இரண்டுக்கும் மூலம் ஒரே விளக்குப் புகைதான். அந்தக் கரியை விளக்கெண்ணெயில் குழைத்தால் கண்மை. பிசின் கரைத்த நீரில் குழைத்தால் எழுதும் மை. முதலாவதைச் செய்யத் தெரியாத பாட்டி அந்தக் காலத்தில் இல்லை. அரைச் சாண் தூரத்தில் இருந்த இரண்டாவதை நோக்கி அவள் கை நீளவிடாமல் பார்த்துக்கொண்டார்கள். 'எழுது' என்ற வினைக்குத் தீட்டுதல் என்ற பொருளும் உண்டு. சங்க இலக்கியத்தில் தலைவன் தலைவியின் மார்பிலும் தோளிலும் தொய்யில் எழுதுகிறான். அவள் கண்ணுக்கு மை எழுதப்படுகிறது. வெள்ளிவீதியாரும் காக்கைபாடினியார் நச்செள்ளையாரும் எழுதிய அதே காலத்தில், பெண்ணை எழுதப்படும் பரப்பாகப் பார்க்கிற பழக்கமும் கூடவே இருந்தது. அந்தக் கவிகளை நாம் வருடத்துக்கு ஒருமுறை மகளிர் தின மேடையில் நினைவுகூர்கிறோம். அந்தப் பழக்கத்தை வருடம் முழுக்கக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறோம். பெண்மை, தாய்மை, பொறுமை என்று நம் தலையில் கட்டிய சொற்களின் கடைசியிலும் ஒரு மை ஒட்டிக்கொண்டிருப்பது பண்புப்பெயர் விகுதி என்று இலக்கணம் சொல்லும். அடிமையிலும் அதுவே இருக்கிறது.

"பொம்பளப் புள்ளைங்க கையெழுத்து முத்து முத்தா இருக்கும்" என்ற பாராட்டை நான் சந்தேகத்தோடுதான் கேட்கிறேன். அந்த முத்துகள் யாருக்காகக் கோக்கப்பட்டன? அண்ணனின் ரெக்கார்ட் நோட்டுக்கு, கணவனின் ஆய்வேட்டுக்கு, அப்பாவின் கடைக் கணக்குக்கு, மாமியார் சொல்லச் சொல்ல எழுதிய கடிதத்துக்கு, மளிகைச் சீட்டுக்கு. டால்ஸ்டாயின் 'போரும் அமைதியும்' நாவலை அச்சுக்காகத் திரும்பத் திரும்பப் படியெடுத்தவர் அவர் மனைவி சோஃபியா. பிள்ளைகளைத் தூங்கவைத்துவிட்டு, அவர் அடித்துத் திருத்தியதை எல்லாம் இவர் தெளிவாக எழுதி வைத்தார். அடிக்கவும் கிறுக்கவும் கூடிய கை ஒன்று. அதைத் தெளிவாக்கும் கை மற்றொன்று. இரண்டாவதற்கு அழகான கையெழுத்து வாய்த்ததில் வியப்பில்லை.

நம்மூரிலும் ஒரு கதை உண்டு. வை.மு. கோதைநாயகி அம்மாள் தன் முதல் படைப்பான 'இந்திர மோகனா' நாடகத்தை உருவாக்கியபோது அவருக்குச் சரளமாக எழுத வராது. ஐந்து வயது கடந்ததும் மணமுடித்துக் கொடுக்கப்பட்டவர். அவர் சொல்லச் சொல்ல எழுதியவர் தோழி பட்டம்மாள். பின்னர் கோதைநாயகி நூற்றுக்கும் மேற்பட்ட நாவல்கள் எழுதினார். 1925 முதல் 'ஜகன்மோகினி' இதழை நடத்தினார். எனக்குப் பிடித்தது தொடக்கத்தில் இருக்கும் அந்த இரண்டு பேர். இங்கும் ஒரு பெண் இன்னொருவருக்காக எழுதுகிறாள். ஆனால் அந்தச் சொல்லையும் அந்தக் கையையும் சேர்த்துத்தான் தமிழில் ஒரு பெண் எழுத்து வாழ்க்கை தொடங்கியது. பட்டம்மாள் பெயர் நமக்குக் கிடைத்திருக்கிறது என்பதே பெரிய விஷயம்.

கொடைக்கானலில் கையால் வரைந்த கோடுகளுக்கு நீண்ட வரலாறு இருக்கிறது. இங்கிருக்கும் சூரிய ஆய்வகத்தில் 1904 தொடங்கிச் சூரியனின் முகத்தை நாள்தோறும் வரைபடமாக வரைந்து வைத்தார்கள். கரும்புள்ளிகள், தீக்கொழுந்துகள் என ஒவ்வொன்றுக்கும் ஒரு வண்ணம். 1909இல் கரும்புள்ளிகளில் வாயு நகர்வதை இங்கே கண்டுபிடித்த ஜான் எவர்ஷெட்டின் பெயரை அந்த விளைவுக்குச் சூட்டினார்கள். அவர் மனைவி மேரி ஆக்வொர்த் எவர்ஷெட், மணமாகி இங்கு வருவதற்கு முன்பே வானியல் புத்தகம் எழுதியவர். சூரியத் தீக்கொழுந்துகள் பற்றி 1917இல் ஆய்வகம் வெளியிட்ட அறிக்கையில் அவர் பெயரும் சேர்ந்தே இருக்கிறது. சம்பளம் வாங்கிய இயக்குநர் கணவர். மேரி இயக்குநரின் மனைவி. இதற்கிடையில், இந்த மலையில் இருந்தபடி, இத்தாலியக் கவி தாந்தேயின் வானம் பற்றி ஒரு தனி நூலை எழுதித் தன் பிறந்தவீட்டுப் பெயரில், எம்.ஏ. ஆர் என்று, வெளியிட்டார். ஆய்வகத்துக்கு வேலை செய்த அதே கை தனக்கென்று ஒரு கவியையும் வைத்துக்கொண்டது. நம் ஊருக்கு வரும் சுற்றுலா வழிகாட்டிகள் பில்லர் ராக்ஸையும் கோக்கர்ஸ் வாக்கையும் காட்டுவார்கள். மேரியைக் காட்டி நான் கேட்டதில்லை.

தனக்கென்று எழுதுவதன் விலை என்ன என்பதை சல்மாவிடம் கேட்கலாம். துவரங்குறிச்சியில் பருவமெய்தியதும் பள்ளி நின்றது. மணமான பிறகு இரவில் கழிப்பறைக்குள் நின்றபடி எழுதியதை அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். எழுதியது புனைபெயரில், தாள்கள் வெளியே போனது தாயின் உதவியால். 2000இல் 'ஒரு மாலையும் இன்னொரு மாலையும்' தொகுப்பாக வந்தது. கையெழுத்து ஆளைக் காட்டிக்கொடுக்கும். இது யாருடைய கை என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அதனால்தான் பெண்ணின் டைரியைப் பிரித்துப் படிப்பது இன்றும் அக்கறை என்ற பெயரில் நடக்கிறது. போன் பாதுகாப்பானது, அதற்குப் பூட்டு உண்டு என்று மாணவிகள் சொல்கிறார்கள். அந்தப் பூட்டின் எண் யார் யாருக்குத் தெரியும் என்று கேட்டால் பாதி வகுப்பு தலை குனிகிறது.

இந்த இடத்தில் முற்போக்குத் தோழர் ஒருவர் எழுந்து நிற்பார். "பெண்கள் கழிப்பறை இல்லாமல் தவிக்கும் நாட்டில் உங்களுக்கு இங்க் பேனா ரசனையா?" அவர் சட்டைப் பையில் இரண்டு பேனா இருக்கும். 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் எழுத்தறிந்த பெண்கள் 73 விழுக்காடு, ஆண்கள் கிட்டத்தட்ட 87. அந்த இடைவெளி எனக்குத் தெரியும் தோழரே. மை என்றால் பதிவு அலுவலகத்து மைப்பெட்டி மட்டும் என்றிருந்த பெண்களின் பேத்திகளுக்குத்தான் நான் பாடம் நடத்துகிறேன். 1989இல் தமிழ்நாட்டில் மகள்களுக்குப் பூர்வீகச் சொத்தில் சம உரிமை சட்டமானது. அதன் பிறகு என்ன நடக்கிறது? அண்ணனும் தம்பியும் 'விடுதலைப் பத்திரம்' எழுதிக்கொண்டு வருகிறார்கள். சொத்திலிருந்து மகளை விடுவிப்பதற்கு அப்படி ஒரு பெயர். முதுகலை படித்த மகளும் கையெழுத்துப் போடுகிறாள், பிறந்த வீட்டு வாசல் அடைபட்டுவிடக் கூடாதே என்று. அன்றைக்கு மட்டும் அந்தச் சட்டைப் பையிலிருந்து பேனா நம் பக்கம் வருகிறது. மூடியைக்கூட அவர்களே கழற்றிக் கொடுக்கிறார்கள்.

அழைத்தபோது வந்து, காட்டிய இடத்தில் எழுதிவிட்டுப் போகும் கையாக நம் கையைப் பழக்கியிருக்கிறார்கள். எந்தப் பயனும் இல்லாமல், யாரும் சொல்லாமல், தனக்குப் பிடித்ததால் எழுதும் கை வேறு வகை. 'வெட்டி வேலை' என்ற சொல்லை ஆணின் பொழுதுபோக்குக்கு நாம் பயன்படுத்துவதில்லை. அவர் நாற்பது பேனா சேர்த்தால் சேகரிப்பாளர். இவள் நான்கு மைப்புட்டி வாங்கினால் "உனக்கு வேற வேலை இல்லையா?" செண்பகனூரில் ஜேசுசபைத் துறவி ஆங்லாட் இம்மலையின் செடிகொடிகளை ஆண்டுக்கணக்கில் பொறுமையாக வரைந்தார். அந்த ஓவியங்களை நான் மதிக்கிறேன். துறவிக்கும் யாரோ ஒருவர் சோறு பொங்கித்தான் ஆக வேண்டும் என்பதையும் மறப்பதில்லை.

அந்தச் சுகம் எப்படி இருக்கும் என்று சொல்லாமல் விடுவது நியாயமில்லை. பால்பாயிண்டை அழுத்த வேண்டும். நான்கு பக்கத்தில் கட்டைவிரல் நோகும். இங்க் பேனாவைக் காகிதத்தில் வைத்தாலே போதும், நிப்பின் நடுப்பிளவு வழியாக மை தானாக இறங்கும். பாத்திரம் தேய்த்துக் களைத்த விரல்களுக்கு இது சின்ன விஷயம் அல்ல. கொடைக்கானல் ஈரத்தில் நோட்டுத் தாள் கொஞ்சம் நமத்திருக்கும். மை மயிரிழை மயிரிழையாய்ப் பரவும். தேர்வுத்தாளுக்கு அது குறை, படத்துக்கு வரம். தண்ணீரில் கரையும் நீல மையால் பூம்பாறையின் படிக்கட்டு வயல்களைக் கோடாக வரையுங்கள். அதன் மேல் ஈர விரலை ஓட்டினால் கோடு கலைந்து பள்ளத்தாக்கில் மேகம் இறங்கும். நீலத்திலேயே பத்து நீலம் வரும். கடுக்காயும் அன்னபேதியும் சேர்ந்த பழைய வகை மை வேறு குணம். எழுதும்போது வெளிறி, காயக் காயக் கறுக்கும், நீருக்கு அசையாது. பள்ளிப் பிள்ளைகள் வாங்கும் சாதாரணப் பேனாவும் ஒரு புட்டி நீல மையும் இதற்கெல்லாம் தாராளம். ஆயிரக்கணக்கில் விலை சொல்லும் ஜெர்மன் பேனாவைப் பற்றி ஆண்கள் பேசிக்கொள்ளட்டும்.

வெளியே உட்கார்ந்து வரைவதுதான் கடினம். ஏரிக்கரைச் சுவரில் ஒரு பெண் தனியாக அமர்ந்து நோட்டைத் திறந்தால் பத்து நிமிடத்துக்குள் "யார் கூட வந்திருக்கீங்க?" என்று ஒருவர் வந்துவிடுவார். என் மாணவிகள் மூன்று நான்கு பேராகப் போகிறார்கள். ஒருத்தி கேரட் விற்கும் அக்காவின் கையை வரைந்து வந்தாள். அந்த அக்கா வாங்கிப் பார்த்துவிட்டு, விரலை இன்னும் தடிப்பாகப் போடச் சொன்னாராம். விடுதியில் இப்போது சிலர் தாங்களே சுடிதாரில் பை தைத்துக்கொள்கிறார்கள். அளவு சரியாக வரவில்லை. ஒருத்தியின் பேனா பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அவள் அதைப் பிரித்து மறுபடி தைத்துக்கொண்டிருக்கிறாள், இந்த முறை ஒரு அங்குலம் ஆழமாக.