ஊர்ச்சொல்லும் ஏட்டில் ஏறட்டும்!

சில புத்தகங்கள் சுடச்சுட விற்றுவிடும். சில புத்தகங்கள் மெதுவாகத்தான் விற்கும். ஆனால் நூறு ஆண்டு நிற்கும். இந்த இரண்டாவது வகைப் புத்தகங்களை அச்சிடுவதுதான் பல்கலைக்கழகப் பதிப்பகங்களின் கடமை. லாபம் பார்க்கும் வியாபாரி இதில் கைவைக்கத் தயங்குவார்.

இதற்கு நல்ல சான்று, சென்னைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட தமிழ்ப் பேரகராதி. 1913-ம் ஆண்டில் வேலை தொடங்கியது. 1924 முதல் 1936 வரை 6 தொகுதிகள் வெளிவந்தன. பின்னர் 1939-ல் அனுபந்தமும் வந்தது. 1 லட்சத்துக்கும் மேற்பட்ட சொற்கள் அதில் இருக்கின்றன! 1926 முதல் பதிப்பாசிரியராக இருந்து அதை முடித்துக் கொடுத்தவர், பேராசிரியர் வையாபுரிப்பிள்ளை. புலவர்கள் இன்றும் அந்த அகராதியைப் புரட்டுகிறார்கள்.

1 லட்சம் சொல் போதாதா? போதாது. வயலிலும் கடலிலும் தறியிலும் உழைப்பவர்களின் வாயில் இன்னும் எத்தனையோ சொற்கள் இருக்கின்றன. அவற்றைத் திரட்டப் படிப்பு மட்டும் போதாது. ஊராரின் பேச்சைக் கேட்கும் காதும் வேண்டும்.

கோவில்பட்டிக்கு அருகே உள்ள இடைசெவலில் பிறந்த விவசாயி கி.ராஜநாராயணன். பள்ளிப் படிப்பை முடிக்காதவர். அவர் கரிசல் சீமையின் சொற்களைத் திரட்டி, 1982-ல் அகராதியாகக் கொண்டு வந்தார். பிறகு புதுவைப் பல்கலைக்கழகம் அவரைப் பேராசிரியராகவே அழைத்துக்கொண்டது! ஊர்ச்சொல்லுக்குக் கிடைத்த மரியாதை அது.

இந்த வேலைக்கு அவசரம் உண்டு. மாடு கட்டி நீர் இறைத்த கமலை போய்விட்டது. பம்புசெட்டு வந்துவிட்டது. அது நல்லதுதான். ஆனால் கமலையோடு, கூனை, வடம், வால்கயிறு என்ற சொற்களும் போய்க்கொண்டிருக்கின்றன. கமலை போனால் படத்தில் காட்டலாம். சொல் போனால் எங்கே தேடுவது?

ஆகவே பல்கலைக்கழகங்கள் வட்டாரம்தோறும் சொற்களைத் திரட்டி, நூலாக வெளியிட வேண்டும். விலை குறைவாக இருக்க வேண்டும். எழுத்துக் கூட்டிப் படிப்பவருக்கும் விளங்க வேண்டும். எந்த ஊரில் சொல் எடுத்தார்களோ, அந்த ஊர் நூலகத்துக்குப் புத்தகம் போய்ச் சேர வேண்டும். தமிழ்நாட்டில் நூலகச் சட்டம் 1948-லேயே வந்துவிட்டது. மக்கள் வீட்டு வரியோடு நூலக வரியும் செலுத்துகிறார்கள். கேட்க அவர்களுக்கு உரிமை உண்டு.

வீட்டிலும் ஒரு வேலை இருக்கிறது. தாத்தாவும் பாட்டியும் சொல்லும் பழைய சொற்களைப் பிள்ளைகள் ஒரு நோட்டில் எழுதி வைக்கட்டும். நாளை அகராதி தொகுக்க வருகிறவருக்கு அந்த நோட்டு பொக்கிஷம்!