முளையைப் பார்த்து விளைச்சல் சொல்வோரே!



இன்று ஒரு விளையாட்டைப் பற்றி எழுதப் போகிறேன். நம் பிள்ளைகள் பள்ளித் திடலில் ஆடும் காற்பந்து அன்று. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடுகிறார்களே, அந்த அமெரிக்கக் காற்பந்து. "தமிழ்ப்பள்ளி ஆசிரியருக்கும் அதற்கும் என்ன தொடர்பு?" என்று கேட்பீர்கள். தொடர்பு உண்டு. படித்து முடித்தபின் என்மீது சினம் கொள்ளுங்கள். படிக்காமலே சினம் கொள்ளாதீர்கள்.

என் அக்காள் மகன் ஓஹாயோ மாநிலத்தில் படித்துத் திரும்பியவன். பட்டத்தோடு கிளீவ்லாந்து பிரௌன்ஸ் என்னும் அணியின்மீது தீராப் பற்றையும் சேர்த்துக் கொண்டுவந்துவிட்டான். ஆண்டுதோறும் ஏப்ரல் திங்களில் அமெரிக்காவின் தேசியக் காற்பந்து லீக்கான என்.எப்.எல்., பல்கலைக்கழகங்களில் ஆடிவந்த இளைஞர்களை அணிகளுக்குத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வை நடத்துகிறது. அதை 'டிராப்ட்' என்பர். 32 அணிகள், ஏழு சுற்றுகள், மூன்று நாள்கள். எந்த அணி யாரை எடுக்கும் என்று பல திங்களுக்கு முன்பே இரசிகர்கள் பட்டியல் போடத் தொடங்கிவிடுவார்கள். என் மருமகனும் போட்டான். போட்டு, எங்கள் வீட்டுக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டியும் வைத்தான்.

அது 2025-ஆம் ஆண்டு. கிளீவ்லாந்துக்கு இரண்டாம் வாய்ப்பு. கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஷெடூர் சாண்டர்ஸ் என்னும் இளைஞரைத் தன் அணி அந்த இரண்டாம் வாய்ப்பில் எடுக்கும் என்று எழுதியிருந்தான். சாண்டர்ஸ் 'குவார்ட்டர்பேக்', அதாவது, பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்திச் செல்பவர். அவர் முதல் சுற்றிலேயே போவார் என்றுதான் பெயர்பெற்ற விமர்சகர்கள் பலரும் கணித்திருந்தனர்.

நடந்தது என்ன? கிளீவ்லாந்து தன் இரண்டாம் வாய்ப்பை ஜாக்சன்வில் அணிக்கு மாற்றிக் கொடுத்துவிட்டு, ஐந்தாம் இடத்தில் மேசன் கிரேம் என்னும் தற்காப்பு ஆட்டக்காரரை எடுத்தது. முதல் நாள் முடிந்தது. சாண்டர்ஸ் பெயர் வரவில்லை. இரண்டாம் நாளும் முடிந்தது; வரவில்லை. மூன்றாம் நாள், நம் நாட்டில் ஞாயிறு விடியுமுன், ஐந்தாம் சுற்றில், 144-ஆம் பெயராக அவர் வந்தார். எடுத்ததும் அதே கிளீவ்லாந்துதான்! அவருக்கு முன்னே ஐந்து குவார்ட்டர்பேக்குகள் போயிருந்தனர். அவர்களுள் ஒருவரைக் கிளீவ்லாந்தே எடுத்திருந்தது.

காலையில் மருமகன் எழுந்து வந்தான். என் மேசையிலிருந்த சிவப்பு மைப் பேனாவை எடுத்தான். தன் பட்டியலில் ஒவ்வொரு பெயராக அடித்தான். இறுதியில் அடியில் 1/7 என்று எழுதி வட்டமிட்டான். "பேரு சரி மாமா, இடந்தான் தப்பு. அரை மார்க்குதான் போடணும். போனாப் போகுதுன்னு ஒண்ணு போட்டுக்கிட்டேன்," என்று சிரித்தான்.

நான் சிரிக்கவில்லை. இருபது ஆண்டுகளுக்கும் மேலாக ஆசிரியப் பணியில் இருக்கிறேன். ஆயிரக்கணக்கான ஆரூடங்களை ஆசிரியர் அறையில் கேட்டிருக்கிறேன், சொல்லியும் இருக்கிறேன். "இவன் தேறுவான். அவன் தேறமாட்டான். அந்தக் குடும்பமே அப்படித்தான்." அவற்றுள் ஒன்றுக்கேனும் எவரேனும் சிவப்பு மையால் மதிப்பெண் இட்டுக்கொண்டதை நான் கண்டதில்லை!

'விளையும் பயிர் முளையிலேயே தெரியும்' என்பது நம்மவர்க்கு மிக வாய்ப்பான பழமொழி. சொல்பவர்க்குப் பெருமை, உழைப்போ இல்லை. முதலாம் ஆண்டு மாணவன் பள்ளிக்கு வந்த முதல் வாரத்திலேயே அவன் முளையைப் பார்த்துவிட்டோம் என்கிறோம். சரி, முளை பார்ப்பதையே தொழிலாகக் கொண்டவர்கள் எப்படிப் பார்க்கிறார்கள் என்று காண்போமா?

ஒவ்வோர் அணியும் ஆள் தேடுவோரைச் சம்பளம் கொடுத்து வைத்திருக்கிறது. அவர்கள் ஓர் இளைஞனின் ஆட்டங்களை ஆண்டுக்கணக்கில் பார்க்கின்றனர். பின்னர் அவனை இண்டியானாபொலிஸ் நகருக்கு வரவழைத்து, 40 கெஜ தூரத்தை எத்தனை நொடியில் ஓடுகிறான் என்று நொடியின் நூற்றில் ஒரு பங்குவரை அளக்கின்றனர். உயரம், எடை, உள்ளங்கையின் நீளம் எல்லாம் குறிக்கின்றனர். 12 நிமிடத்தில் 50 வினாக்கள் கொண்ட வொண்டர்லிக் என்னும் அறிவுத்தேர்வையும் பல்லாண்டுகள் வைத்திருந்தனர். 2022-இல் அதைக் கைவிட்டனர். இவ்வளவும் இருபது வயதைக் கடந்த, உடல் வளர்ச்சி முற்றிய இளைஞர்களுக்கு. நாமோ ஏழு வயதுக் குழந்தையை ஒரு சொல்வதெழுதுதலில் அளந்துவிடுகிறோம்!

அவ்வளவு அளந்தும் அவர்கள் கண்ட பலன் என்ன? 2007-இல் முதல் பெயராக எடுக்கப்பட்ட ஜமார்கஸ் ரஸல், மூன்றே பருவங்கள் ஆடி, 2010-இல் அணியிலிருந்து விடுவிக்கப்பட்டார். 2022-இல் 262-ஆவது பெயராக, கடைசியிலும் கடைசியாக எடுக்கப்பட்டவர் பிராக் பர்டி. கடைசிப் பெயருக்கு அங்கே 'பொருட்படுத்தத் தகாதவர்' என்று ஒரு கேலிப்பட்டமே உண்டு. அவர்தான் 2024 பிப்ரவரியில் சான்பிரான்சிஸ்கோ அணியைச் சூப்பர் பவுல் இறுதியாட்டத்தில் வழிநடத்தினார்.

டாம் பிரேடியின் கதை இன்னும் பெரிது. 2000-ஆம் ஆண்டில் 199-ஆம் பெயர். அந்த 40 கெஜத்தை அவர் ஓடிய நேரம் 5.28 நொடி; ஆமை வேகம் என்றே கருதப்பட்டது. அவருக்கு முன் ஆறு குவார்ட்டர்பேக்குகள் எடுக்கப்பட்டனர். 183-ஆம் இடத்தில் அப்படி ஒருவரை எடுத்து, பிரேடியை விட்டுவிட்ட அணிகளுள் ஒன்று, ஆம், என் மருமகனின் கிளீவ்லாந்து! பிரேடி பின்னர் ஏழு முறை சூப்பர் பவுல் வென்றார்.

கேட் மேசி, ரிச்சர்ட் தேலர் என்னும் இரு ஆய்வாளர்கள் இந்தத் தேர்வுகளைப் பல ஆண்டுக் கணக்கோடு ஆராய்ந்தனர். தேலர் 2017-இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்றவர். ஒரே நிலையில் ஆடுவோருள் முன்னதாக எடுக்கப்பட்டவர், அவரை அடுத்து எடுக்கப்பட்டவரைவிடச் சிறந்து விளங்கும் வாய்ப்பு, நாணயத்தைச் சுண்டிவிடுவதைக் காட்டிலும் சற்றே மேல் என்று அவர்கள் கண்டனர். கோடிக்கணக்கில் செலவழிப்போர் நிலையே இது. நம் ஆசிரியர் அறை ஆரூடத்தின் தரம் எவ்வளவு இருக்கும்?

"சும்மா சொல்லாதீர்கள் ஐயா, அனுபவம் பேசுகிறது. நாங்கள் சொன்னது பெரும்பாலும் பலிக்கத்தானே செய்கிறது?" என்று மூத்த ஆசிரியர்கள் சிலர் கேட்பர். பலிக்கிறது, நானும் ஒப்புக்கொள்கிறேன். ஏன் பலிக்கிறது என்பதைத்தான் சொல்ல வருகிறேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது.

2004-ஆம் ஆண்டு. நான் பணிக்குப் புதியவன். முதலாம் ஆண்டு வகுப்பு. ஒரே திங்களில் என் பதிவேட்டில் பெயர்களுக்கு எதிரே பச்சைப் புள்ளி, மஞ்சள் புள்ளி, சிவப்புப் புள்ளி வைத்துவிட்டேன். சிவப்புப் புள்ளிகள் பின்வரிசைக்குப் போயின. அவர்களுள் ஒரு சிறுவனின் தாயார், தொழிற்சாலையில் இரவு வேலை முடித்து, சீருடையோடு தேர்ச்சி அறிக்கை வாங்க வந்தார். "அம்மா, இவனுக்குப் படிப்பு வராது. பின்னால் ஏதாவது கைத்தொழிலில் போட்டுவிடுங்கள்," என்றேன். ஏழு வயதுப் பிள்ளையைப் பற்றி! அவர் மறுத்துப் பேசவில்லை. "சரிங்க சார், நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்," என்று சொல்லிவிட்டுப் போனார். அடுத்த திங்களிலிருந்து தனிப்பயிற்சி வகுப்புக்கு அவனுடைய தங்கை மட்டுமே போனாள். இருந்த பணம் ஒருவருக்குத்தான் போதும்; யாருக்கு என்பதை நான் முடிவு செய்துவிட்டேன்.

2009-இல் அவன் யு.பி.எஸ்.ஆர். எழுதினான். தேறவில்லை. "நான் அன்றே சொன்னேன் அல்லவா?" என்று ஆசிரியர் அறையில் பெருமையாகச் சொன்னேன். அன்றிரவு பழைய பதிவேடுகளைப் புரட்டினேன். இரண்டு ஆண்டுகள் அவனுக்குப் பாடம் நடத்தியிருக்கிறேன். வாசிப்புக்கு எழுப்பிய நாளைக் குறிக்கும் கட்டங்களில், அவன் பெயருக்கு எதிரே அநேகமாக எல்லாமே வெறுமை. என் ஆரூடம் பலித்ததா? பலிக்க வைத்தேனா?

ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் ரோசந்தால், ஜேக்கப்சன் இருவரும் 1968-இல் வெளியிட்ட ஆய்வை நானும் படித்துத்தான் தேர்வெழுதினேன். குருட்டாம்போக்கில் சில பிள்ளைகளைப் பொறுக்கி, 'இவர்கள் மலரப் போகிறவர்கள்' என்று ஆசிரியர்களிடம் கூறினர். கீழ்வகுப்புகளில் அப்பிள்ளைகளின் அறிவுத்தேர்வு மதிப்பெண் மற்றவர்களினும் கூடுதலாக உயர்ந்தது என்றது அந்த ஆய்வு. அதை மறுத்து வாதிட்டோரும் உண்டு. எனக்கு அந்த வாதம் தேவையில்லை. என் பதிவேட்டின் வெற்றுக் கட்டங்களே போதும்.

இங்கேதான் இரசிகனுக்கும் ஆசிரியருக்கும் உள்ள வேறுபாட்டைக் காண வேண்டும். என் மருமகன் தவறாகச் சொன்னதால் சாண்டர்ஸுக்கு ஓர் இழப்பும் இல்லை. அணியை நடத்துவது அவன் இல்லையே! மூன்று நாளில் உண்மை வெளிப்பட்டது. அவனும் தன்னைத் திருத்திக்கொண்டான். ஆசிரியரோ ஆரூடமும் சொல்கிறார், அணியையும் அவரே நடத்துகிறார். யாரை முன்வரிசையில் அமர்த்துவது, யாரைக் கேள்வி கேட்பது, யாரைப் போட்டிக்கு அனுப்புவது எல்லாம் அவர் கையில். ஆறாண்டு கழித்து முடிவு வரும்போது, தம் கைவண்ணத்தையே தம் தீர்க்கதரிசனம் என்று நம்பிவிடுகிறார்.

"ஆயிரத்தில் ஒருவர் பிரேடி. கடைசியில் வருவோர் எல்லாரும் பிரேடி ஆகிவிடுவார்களா?" என்று கேட்பீர்கள். ஆகமாட்டார்கள். முன்னதாக எடுக்கப்பட்டோர் பலர் நன்றாகவே ஆடினார்கள் என்பதும் உண்மை; 1998-இன் முதல் பெயரான பேட்டன் மேனிங் அதற்குச் சான்று. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். 2000-ஆம் ஆண்டில் பேட்ரியட்ஸ் அணி, நான்காவது குவார்ட்டர்பேக்காகப் பிரேடியை வெளியே அனுப்பாமல் வைத்துக்கொண்டது, பயிற்சி கொடுத்தது. 2001-இல் முதன்மை ஆட்டக்காரர் காயமுற்றபோது களமிறங்க அவர் அங்கே இருந்தார். அணி அவருக்கு ஓர் இடம் விட்டு வைத்திருந்தது. பின்வரிசைப் பிள்ளைக்கு நாம் விட்டு வைக்கும் இடம் எது?

இன்னொன்றும் சொல்லி முடிக்கிறேன். இந்த டிராப்ட் முறையை 1935-இல் முன்மொழிந்தவர் பெர்ட் பெல். பிலடெல்பியா அணியின் உரிமையாளர். செல்வாக்குள்ள அணிகளே நல்ல ஆட்டக்காரர்களை வாரிக்கொண்டு போவதைக் கண்டு, முந்தைய பருவத்தில் மிகவும் பின்தங்கிய அணிக்கே முதல் வாய்ப்பு என்றார். 1936-இல் அம்முறை நடைமுறைக்கு வந்தது. வணிக நோக்கில் நடக்கும் ஓர் ஆட்டத்தில்கூட, பின்தங்கியவனுக்கு முதலில் கொடு என்கிறார்கள். நம் பள்ளிகளில் திறமைமிக்க ஆசிரியர் எந்த வகுப்புக்குப் போகிறார்? குறைநீக்கல் வகுப்புக்கு யார் போகிறார்? மனச்சான்றோடு விடை சொல்லுங்கள். யு.பி.எஸ்.ஆர். 2021-இல் ஒழிந்தது, நம் புள்ளிகள் இன்னும் ஒழியவில்லை.

பெற்றோர்களே, "படிப்பு வராது" என்று எந்த ஆசிரியர் சொன்னாலும், நானே சொன்னாலும், தலையாட்டிவிட்டு வராதீர்கள். "இதுவரை என்ன செய்து பார்த்தீர்கள்?" என்று கேளுங்கள். அது உங்கள் உரிமை.

ஆசிரியர்களே, ஆரூடம் சொல்லாமல் இருக்க முடியாவிட்டால் ஒன்று செய்யுங்கள். முதலாம் ஆண்டில் எழுதி, உறையிலிட்டு, ஒட்டி வைத்துவிடுங்கள். ஆறாம் ஆண்டில் பிரித்துச் சிவப்பு மையால் மதிப்பெண் இடுங்கள். அதுவரை ஒருவரிடமும் சொல்லாதீர்கள். குறிப்பாக, அந்தப் பிள்ளையின் தாயாரிடம்.

சிந்திப்போம்.